'அபத்தம்' ஆங்கிலத்திலிருந்து வந்ததல்ல

ஆசிரியருக்கு,

கடந்த ஞாயிறு இதழில் வந்த நாடகக் கட்டுரையில், 'அபத்தம்' என்பது ஆங்கில 'அப்சர்ட்' திரிந்து வந்த சொல் என்று எழுதியிருந்தீர்கள். இது சரியில்லை. ஆங்கிலச் சொல்லின் மூலம் லத்தீன் 'அப்சூர்டுஸ்', சுருதி சேராதது என்று பொருள். நம்முடைய சொல்லோ வடமொழி 'அபத்த'விலிருந்து வந்தது, 'பத்தம்' என்றால் கட்டப்பட்டது, முன்னால் உள்ள 'அ' அதை மறுக்கிறது, ஆகவே ஒன்றோடொன்று கட்டுப்படாத பேச்சுத்தான் அபத்தம். பந்தம், சம்பந்தம் எல்லாம் இதே வேரில் பிறந்தவை. 'சம்பந்தா சம்பந்தமில்லாமல் கதைக்கிறான்' என்று நாம் சொல்வதும் கிட்டத்தட்ட அதே பொருள்தான். 1960இல் நாடக விமர்சகர் மார்ட்டின் எஸ்லின் ஐரோப்பிய நாடகங்கள் சிலவற்றுக்கு ஆங்கிலத்தில் வைத்த 'தியேட்டர் ஆஃப் த அப்சர்ட்' என்ற பெயரைத்தான் பின்னர் 'அபத்த நாடகம்' என்று தமிழாக்கினார்கள், சொல் அதற்கு எவ்வளவோ முந்தியது.

எங்கள் அம்மம்மாவுக்கு ஆங்கிலம் ஒரு சொல்லும் தெரியாது. பிள்ளைகள் பொய் சொன்னால் "அபத்தம் கதையாதை" என்றுதான் அதட்டுவா. பொய் என்ற அந்தப் பழைய பொருளைச் சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதியும் தருகிறது, இன்று நாம்தான் அதை மறந்துகொண்டு வருகிறோம். 1842இல் மானிப்பாயில் அகராதி அச்சிட்ட மண் இது, இங்கிருந்து வரும் பத்திரிகை இப்படி எழுதலாமா? அடுத்த ஞாயிறு ஒரு திருத்தம் போடுங்கள், அப்புறம் சொல்லின் வேர் பற்றி எழுதும்போதெல்லாம் அச்சுக்குப் போகுமுன் யாராவது ஒரு தமிழாசிரியரிடம் காட்டிவிடுங்கள்.

– வாசகர், யாழ்ப்பாணம்