அறிமுகப் பாடம் பொதுப் பாடம் ஆகாது

அன்புள்ள ஆசிரியருக்கு,

பொதுக் கல்விப் பாடங்களை, அதாவது தன் முதன்மைத் துறைக்கு வெளியே எல்லா மாணவரும் படிக்க வேண்டிய பாடங்களை, கட்டாயமாக்கி, பல்கலைக்கழகங்கள் மாணவர்களின் நேரத்தையும் பணத்தையும் வீணடிக்கின்றன என்று சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். அந்தக் கட்டாயத்தின் பேரில் வந்து உட்காருகிறவர்களுக்குத்தான் நான் பல ஆண்டுகளாகப் புள்ளியியல் நடத்துகிறேன். இசை படிப்பவர்கள், வரலாறு படிப்பவர்கள், செவிலியர் ஆகப் போகிறவர்கள். கட்டுரையாளரின் கோபம் எனக்கு நன்றாகவே புரிகிறது. ஆனால் கட்டாயத்தை எடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்று அவர் சொல்வதைத்தான் ஏற்க முடியவில்லை.

எடுத்துப் பார்த்த காலம் உண்டு. 1869-இல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்குத் தலைவரான சார்லஸ் எலியட், கட்டாயப் பாடங்களைப் படிப்படியாகக் குறைத்தார். அந்த நூற்றாண்டு முடியும்போது, முதலாண்டில் ஆங்கிலத்தில் எழுதப் பழக்கும் பாடத்தைத் தவிர ஏறக்குறைய எல்லாமே மாணவர் விருப்பம் என்றாகிவிட்டது. பலர் சுலபமான தொடக்கப் பாடங்களாகப் பொறுக்கி எடுத்துப் பட்டம் வாங்கிப் போனார்கள். அவருக்கு அடுத்து 1909-இல் தலைவர் பொறுப்புக்கு வந்த லாரன்ஸ் லோவெல், ஒரு துறையில் ஆழமாகவும் மற்றவற்றில் பரவலாகவும் படித்தே ஆக வேண்டும் என்று மாற்றினார். 'இந்தப் பிரிவில் இரண்டு பாடம், அந்தப் பிரிவில் ஒன்று' என்று இன்று பல இடங்களில் இருக்கும் பட்டியல் அந்த வழியில் வந்ததுதான். அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகம் 1969-இல் அந்தப் பட்டியலைக் கைவிட்டது, இன்றுவரை அப்படியே நடத்திவருகிறது. ஆகவே பட்டியல் இல்லாமல் நடக்கவே நடக்காது என்று நான் சொல்லவில்லை. பட்டியலில் எந்த மாதிரிப் பாடம் உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் என் கவலை.

எங்கள் துறையில் நடந்ததைச் சொல்கிறேன். பொதுக் கல்விக்கு என்று நாங்கள் கொடுத்தது, புள்ளியியலை முதன்மைப் பாடமாக எடுப்பவர்களுக்கான அதே முதல் பாடம். நிகழ்தகவுப் பரவல்கள், மைய எல்லைத் தேற்றம், கருதுகோள் சோதனை, அப்புறம் தேர்வு. எல்லாமே அடுத்த செமஸ்டருக்கான அஸ்திவாரம். ஆனால் என் முன்னால் இருந்தவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு அடுத்த செமஸ்டர் என்பதே கிடையாது. இசைத் துறை மாணவி ஒருத்தி ஒருநாள் கேட்டாள்: "இதற்குப் பிறகு நான் இந்தப் பாடத்தின் பக்கமே வரப்போவதில்லை. அப்படியென்றால் யாருக்காக இந்த அஸ்திவாரம்?" என்னிடம் பதில் இல்லை. அந்தக் கேள்வி என்னை வெகுநாள் தூங்கவிடவில்லை.

மூன்று கிரெடிட் பாடம் என்றால் வாரம் மூன்று மணி நேரம், பதினைந்து வாரம். மொத்தம் 45 மணி நேரம். ஒருவர் வாழ்நாளில் புள்ளியியலோடு முறையாகச் செலவழிக்கப் போகிற நேரம் அவ்வளவுதான் என்றால், அதில் எதைச் சொல்லித் தர வேண்டும்? ஓர் உதாரணம். ஆயிரத்தில் ஒருவருக்கு இருக்கும் ஒரு நோய். அதைக் கண்டுபிடிக்க ஒரு பரிசோதனை. நோய் இல்லாதவர்களில் நூற்றுக்கு ஐந்து பேருக்கு அது தவறாக 'இருக்கிறது' என்று காட்டும். உங்களுக்கு 'இருக்கிறது' என்று வந்தால், உண்மையில் இருக்க எவ்வளவு வாய்ப்பு? 1978-இல் ஹார்வர்டு மருத்துவப் பள்ளியில் மருத்துவர்களும் மாணவர்களுமாக 60 பேரிடம் இதைக் கேட்டார்கள். ஏறக்குறைய பாதிப் பேர் 95 விழுக்காடு என்றார்கள். சரியாகச் சொன்னவர்கள் 11 பேர். ஆயிரம் பேரைப் பரிசோதித்தால் நோயில்லாத ஏறக்குறைய 50 பேருக்குத் தவறாக வரும், பரிசோதனை அவரைத் தவறவிடாது என்று கொண்டால் உண்மையான நோயாளி ஒருவருக்கும் வரும். 51 பேரில் ஒருவர், அதாவது சுமார் 2 விழுக்காடு. இதற்குத் தேற்றம் எதுவும் வேண்டாம், பொறுமையாக எண்ணத் தெரிந்தால் போதும். நாளை ஒரு பரிசோதனை அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு நடுங்கப் போகிறவருக்கு இது தெரிந்திருக்க வேண்டாமா? எங்கள் பழைய பாடத்திட்டத்தில் இதற்கு ஒரு மணி நேரம்கூட இல்லை.

பல துறைகளில் இதே கதைதான். வேதியியலோடு திரும்பப் பழகப் போகாதவர் வேதிச் சமன்பாடுகளைச் சமன்செய்து கொண்டிருக்கிறார். பொருளாதாரப் பக்கம் இனி வராதவர் வளைகோடுகளை வரைகிறார், பணவீக்கம் தன் சேமிப்பை என்ன செய்கிறது என்று அவருக்குச் சொல்ல நேரம் இருப்பதில்லை.

ஏன் மாற்றவில்லை என்றால், தனியாக ஒரு பாடம் உருவாக்க உழைப்பு வேண்டும். பட்டியலில் இடம் இருந்தால் மாணவர் எண்ணிக்கை கூடும், எண்ணிக்கையைப் பார்த்துத்தான் துறைக்குப் பணமும் பணியிடமும் வரும். அதனால் இடத்துக்குச் சண்டை போடுகிறோம். இடம் கிடைத்த பிறகு, அந்த வகுப்பைப் புதிதாகச் சேர்ந்த தற்காலிக ஆசிரியரிடம் ஒப்படைத்துவிடுகிறோம். முந்நூறு பேர் உட்காரும் அரங்கில் அவர் தனியாக என்ன செய்வார்? இந்தத் தவற்றில் எனக்கும் பங்கு உண்டு.

நன்றாகச் செய்கிற இடங்களும் இருக்கின்றன. முதல் உலகப்போரை ஒட்டி 1919-இல் கொலம்பியா பல்கலைக்கழகம் தொடங்கிய சமகால நாகரிகம் பற்றிய பாடம் இன்றும் சிறு குழுக்களாக உட்கார்ந்து வாசித்து விவாதிக்கும் வகுப்பாகவே நடக்கிறது. எந்தத் துறைக்கும் அது முதல் படி அல்ல. ஹாங்காங் சீனப் பல்கலைக்கழகத்தில், 2012-இல் படிப்பு நான்கு ஆண்டாக நீண்டபோது, மனிதம் பற்றி ஒன்றும் இயற்கை பற்றி ஒன்றுமாக இரண்டு பாடங்களை எல்லாத் துறையினருக்கும் பொதுவாக வைத்தார்கள். மூல நூல்களின் பகுதிகளைச் சிறு வகுப்புகளில் படிக்கிறார்கள். அந்த வகுப்புக்கு என்றே யோசித்துச் செய்த பாடங்கள் இவை.

கட்டுரையாளர் சொன்ன ஒன்றை மட்டும் முழுதாக ஏற்கிறேன். கல்லூரி மாறுகிற மாணவரிடம், படித்து முடித்த பொதுப் பாடத்தையே மறுபடி படிக்கச் சொல்வது அநியாயம். கலிஃபோர்னியாவில் 2021-இல் சட்டம் போட்டு, அரசுப் பல்கலைக்கழக அமைப்புகள் இரண்டுக்கும் சேர்த்து 34 அலகுகள் (கிரெடிட்) கொண்ட ஒரே பட்டியலைக் கொண்டுவந்தார்கள். மற்றவர்களும் செய்யலாம்.

பாடங்களுக்கு ஒப்புதல் தரும் குழுக்களில் இருப்பவர்களும் உங்கள் இதழைப் படிப்பார்கள் என்ற நம்பிக்கையில் ஒரு கோரிக்கை வைக்கிறேன். ஒரு துறை தன் பாடத்தைப் பட்டியலில் சேர்க்கக் கேட்டு வரும்போது, "இந்தத் துறையில் இவர் படிக்கும் கடைசிப் பாடம் இதுதான் என்றால், இவர் கையில் என்ன இருக்கும்?" என்று கேளுங்கள். "அடுத்த பாடத்துக்குத் தயாராக இருப்பார்" என்பதுதான் பதில் என்றால், திருப்பி அனுப்பிவிடுங்கள். எங்கள் துறையிலிருந்து வந்தாலும் சரி.

இப்படிக்கு,
ஒரு புள்ளியியல் ஆசிரியர்