சூடு மட்டும் பீங்கானை உண்டாக்காது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் அறிவியல் பக்கத்தில் மட்பாண்டங்களைப் பற்றி வெளிவந்த கட்டுரையில், பானைக்கும் பீங்கானுக்கும் களிமண் ஒன்றே என்றும், குறைந்த சூட்டில் வெந்தால் பானையும் மிகுந்த சூட்டில் வெந்தால் பீங்கானும் கிடைக்கும் என்றும் பொருள்படும் ஒரு வரி இருந்தது. மற்றபடி தெளிவாக எழுதப்பட்டிருந்த அக்கட்டுரையைப் பள்ளி மாணவர்கள் பலர் படித்திருப்பார்கள் என்பதால், அந்த ஒரு வரியைத் திருத்த வேண்டியது அவசியம் எனக் கருதுகிறேன்.

பானை வனையும் செந்நிறக் களிமண்ணில் இரும்பு ஆக்சைடு நிறைய உண்டு. அதனுடன் சோடா, பொட்டாஷ், சுண்ணாம்பு முதலியவையும் வெவ்வேறு அளவில் கலந்திருக்கும். இவை யாவும் மண்ணை விரைவில் உருகச் செய்பவை. ஆகவே ஏறத்தாழ 1000 டிகிரி செல்சியஸில் நன்றாக வெந்து உறுதி பெறும் அந்த மண்ணைப் பீங்கானுக்குரிய 1300 டிகிரிக்குக் கொண்டுசென்றால், அது வெளுப்பதற்குப் பதிலாகக் கறுத்து, உப்பி, உருக்குலைந்து சூளைத் தட்டிலேயே ஒட்டிக்கொள்ளும்.

பீங்கானின் வெண்மைக்கும் உறுதிக்கும் அடிப்படை கயோலின் எனப்படும் வெண்களிமண். கிரானைட் போன்ற பாறைகளில் உள்ள ஃபெல்ஸ்பார் என்னும் கனிமம் நீண்ட காலம் நீரால் சிதைந்து, அதிலிருந்த பொட்டாஷும் சோடாவும் கரைந்து வெளியேறிய பின் அலுமினாவும் சிலிக்காவும் நீருடன் பிணைந்து எஞ்சுவதே இம்மண். பிறந்த இடத்திலேயே தங்கிவிட்ட கயோலினில் இரும்பு மிகக் குறைவாக இருப்பதால், அது வெந்த பிறகும் வெண்மையாகவே இருக்கிறது. ஆனால் துகள்கள் சற்றுப் பெரியவை என்பதால் அதில் குழைவு போதாது. சக்கரத்தில் வைத்து இழுத்தால் எளிதில் கிழிந்துவிடும். தனியாகச் சுட்டால் 1300 டிகிரியிலும் அது இறுகாமல் நுண்துளைகளுடனேயே நிற்கும். எனவேதான் பழைய பாடக் கணக்கின்படி கடினப் பீங்கானுக்குக் கயோலின் பாதியும், ஃபெல்ஸ்பாரும், குவார்ட்ஸ் எனப்படும் படிகக் கல்லும் கால் பங்கு வீதமும் சேர்க்கிறார்கள். ஃபெல்ஸ்பார் உருகிக் கண்ணாடியாகி இடைவெளிகளை நிரப்ப, கயோலினிலிருந்து முல்லைட் என்ற ஊசி வடிவப் படிகங்கள் வளர்ந்து அந்தக் கண்ணாடியை ஊடுபாவாகத் தாங்கி நிற்கின்றன. வெப்பத்தின் பங்கு பெரிது என்பதில் ஐயமில்லை. ஆயினும் இந்தக் கூட்டு இல்லாமல் அந்த வெப்பத்திற்குப் பயனில்லை.

இதற்கு வரலாறே சான்று. சீனாவின் ஜிங்டெஜென் நகரப் பீங்கானை வியந்த ஐரோப்பியர், அரைத்த கண்ணாடியைக் களிமண்ணில் கலந்தெல்லாம் பார்த்தும் நெடுங்காலம் அதன் தரத்தை எட்ட முடியவில்லை. ஜெர்மனியின் சாக்சனியில் சிர்ன்ஹவுஸ், பெட்கர் என்னும் ஆய்வாளர்கள் செய்த ஆய்வுகளில் முதலில் செந்நிற மண்ணிலிருந்து கிடைத்தது மிகக் கடினமான சிவப்புக் கல்மட்பாண்டமே (stoneware). கயோலின் கைக்கு வந்த பின்னரே வெண்பீங்கான் பிறந்தது. 1710ஆம் ஆண்டில் மைசன் பீங்கான் ஆலை அதன் பயனாகவே நிறுவப்பட்டது. அவர்களுக்குச் சூட்டைக் கூட்டத் தெரிந்திருந்தது. குறையாக இருந்தது தகுந்த மண்தான்.

நீரோட்டத்தில் வெகுதூரம் அடித்துவரப்பட்டு நுண்ணிய துகள்களாகப் படிந்த பால் கிளே (ball clay) என்னும் களிமண்ணையும் இங்கே குறிப்பிட வேண்டும். தாவர மக்கு கலந்திருப்பதால் சுடுவதற்கு முன் சாம்பல் அல்லது கறுப்பு நிறத்தில் இருந்தாலும், அந்த மக்கு சூளையில் எரிந்துபோய், சுட்டபின் வெளிர் நிறம் பெறுகிறது. குழைவு மிகுதி என்பது இதன் சிறப்பு; காயும்போதும் வேகும்போதும் அதிகமாகச் சுருங்கி விரிசல் விடுவது இதன் குறை. கயோலினும் இதுவும் ஒன்றன் குறையை மற்றொன்று ஈடுசெய்வதால், கழிப்பறைப் பீங்கான்களிலும் ஓடுகளிலும் இரண்டும் சேர்ந்தே பயன்படுகின்றன. சூளை கட்டப் பயன்படும் வெப்பம் தாங்கும் செங்கற்களுக்கு உதவும் தீக்களிமண் பல இடங்களில் நிலக்கரிப் படிவங்களை ஒட்டிக் கிடைக்கிறது. எரிமலைச் சாம்பல் சிதைந்து உருவான பென்டோனைட் என்னும் களிமண் நீரில் பன்மடங்கு உப்பக்கூடியது என்பதால், குழைவு கூட்டுவதற்கு ஓரிரு விழுக்காடு சேர்த்தாலே போதும்.

அன்புகூர்ந்து அந்த வரிக்கான திருத்தத்தை அடுத்து வரும் அறிவியல் பக்கத்தில் வெளியிடுமாறு வேண்டுகிறேன். இடமிருந்தால், செங்களிமண், கயோலின், பால் கிளே ஆகியவற்றில் செய்த சிறு வில்லைகளை 1000 டிகிரியிலும் 1250 டிகிரியிலும் சுட்டெடுத்த படங்களை அருகருகே வெளியிடலாம். மூன்று மண்ணும் ஒரே வெப்பத்தில் எவ்வளவு வேறாக நடந்துகொள்கின்றன என்பதை மாணவர்கள் கண்ணாலேயே கண்டுகொள்வார்கள்.

இப்படிக்கு,
மட்பாண்டக் கலை பயிற்றுவிக்கும் வாசகர்