அந்த ஃப்ரீசருக்கு ஒரு ஜெனரேட்டர் லைன் கொடுங்கள்

எங்கள் மருத்துவக் கல்லூரி நிர்வாகத்துக்கு,

வணக்கம். சனிக்கிழமை சாயங்காலம் போன கரண்ட் திங்கட்கிழமை காலையில்தான் வந்தது, அது உங்களுக்கே தெரியும். நான் வந்து பார்த்தபோது மைனஸ் 80 டிகிரியில் மாதிரிகளை வைக்கும் ஃப்ரீசரின் கதவோரம் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அலாரம் அடித்திருக்கும், கேட்கத்தான் ஆள் இல்லை.

உள்ளே இருந்தவை 41 பேரின் மூட்டுச் சவ்வு, அதாவது மூட்டின் உள்பக்கத்தை மூடியிருக்கும் மெல்லிய திசு. முடக்குவாதம் முற்றி, முட்டி மாற்று அறுவை சிகிச்சைக்கு வந்தவர்கள். ஐஸ் பெட்டியோடு தியேட்டர் வாசலில் காத்திருந்து, சவ்வை வெளியே எடுத்த சில நிமிடங்களுக்குள் குழாயில் போட்டு இரண்டு வருடமாகச் சேர்த்தது. இப்போதும் குழாய்க்குள் இளஞ்சிவப்பாக அப்படியேதான் தெரிகிறது. ஆனால் செல்லில் எந்த ஜீன் வேலை செய்கிறது என்று காட்டும் ஆர்என்ஏ சிதைந்துவிட்டது, இனி அதில் படிக்க ஒன்றும் இல்லை. "யாருக்காவது ஆகும்னா எடுத்துக்கோ தம்பி" என்று கைநாட்டு வைத்த அம்மாவுக்கு நான் என்ன சொல்வது?

இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்களுக்காகச் சொல்கிறேன். 2021இல் வெளியான ஆர்4ஆர்ஏ ஆய்வில், முடக்குவாதத்துக்கு வேறு ஊசிகள் கேட்காத 164 பேரை ஐரோப்பாவின் ஐந்து நாடுகளில் எடுத்துக்கொண்டு, மூட்டுச் சவ்வின் ஆர்என்ஏவைப் படித்தார்கள். அதில் பி செல் (ஒரு வகை வெள்ளையணு) குறைவாக இருந்தவர்களில், 16 வாரத்தில் நோய் பாதியாவது தணிந்தது, அழற்சிச் சமிக்ஞை ஒன்றைத் தடுக்கும் டோசிலிசுமாப் போட்டவர்களில் 63 சதவீதம், பி செல்லை அழிக்கும் ரிட்டுக்சிமாப் போட்டவர்களில் 36 சதவீதம். வெளியே ஒரே வீக்கம், உள்ளே வேறு வேறு நோய். 2023இல் இன்னொரு ஆய்வு, 79 பேரின் மூட்டில் 3 லட்சத்துக்கும் மேற்பட்ட செல்களைப் பார்த்து, அழற்சியை ஆறு வகையாகப் பிரித்தது. நம் வார்டில் எந்த வகை அதிகம் என்று பார்க்கத்தான் இந்த 41. அது தெரியாததால்தான் ஒரு மருந்தைப் பல மாதம் போட்டுப் பார்த்து, கேட்காவிட்டால் அடுத்தது என்று போகிறோம், அதற்குள் விரல் கோணிவிடுகிறது.

ஜெனரேட்டர் லைன் கேட்டு மூன்று முறை எழுதிக் கொடுத்தேன். அலுவலக ஏசிக்கு அந்த லைன் இருக்கிறது, ஃப்ரீசருக்கு இல்லை. மெஷின் வாங்கப் பணம் வருகிறது, திறப்பு விழா நடக்கிறது, அதை ஓடவைக்கும் ஒயருக்கும் இரவுக் காவலுக்கும் மட்டும் பணம் கிடையாது. எத்தனை கல்லூரிகளில் இதே கதை!

கோபத்தில் நீட்டிவிட்டேன், மன்னிக்கவும். கேட்பது ஒன்றுதான்: ஃப்ரீசருக்கு ஜெனரேட்டர் லைன். வியாழக்கிழமை இரண்டு அறுவை சிகிச்சை இருக்கிறது, இருவரும் சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். தயவுசெய்து அதற்குள் கொடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் ஆராய்ச்சி மாணவன்