குறை சொன்னவர் வீட்டுப் பிள்ளை

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். காலாண்டுத் தேர்வு மதிப்பெண்களை வகுப்பாசிரியர்கள் உங்களிடம் சொல்வார்கள். நான் எழுத வந்தது வேறு விஷயம்.

நம் பள்ளியைப் பற்றிய குறைகள் ஊரைச் சுற்றித்தான் என் காதுக்கு வருகின்றன. டீக்கடையில் பேச்சு தொடங்கும். பூக் கட்டும் திண்ணைக்குப் போகும். அப்புறம் யாரோ சத்துணவுக்கூடத்தில் சொல்ல, அது எனக்கு வந்து சேர்வதற்குள் ஒன்று பத்தாகியிருக்கும். நக்கீரர் இருந்த மதுரைப் பக்கத்துக்காரர்கள், குற்றம் சொல்ல நமக்குக் கூச்சம் கிடையாது. ஆனாலும் பள்ளிக்கூட வாசல்படி ஏறி வந்து சொல்ல மட்டும் தயக்கம். ஏன் என்று கேட்டால், "நம்ம பிள்ள அங்கதான சார் படிக்குது" என்கிறார்கள்.

அந்தப் பயம் நியாயமானது. அதைப் போக்க வேண்டியது நீங்கள் இல்லை, நான்தான்.

போன மாதம் ஆறாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் அம்மா வந்தார். துணைக்குப் பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர் ஒருவரையும் கூட்டி வந்திருந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "இதெல்லாம் ஒரு பள்ளிக்கூடமா சார்?" என்றுதான் ஆரம்பித்தார். கோபமெல்லாம் கொட்டித் தீர்ந்த பிறகே விஷயம் வந்தது. மாணவிகள் கழிவறையில் ஒரு கதவின் தாழ்ப்பாள் கழன்று கிடக்கிறது. உள்ளே ஒருத்தி போனால் வெளியே தோழி நின்று கதவைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அதற்குக் கூச்சப்பட்டு இந்தப் பெண் சாயங்காலம் வரை தண்ணீரே குடிப்பதில்லை. காலையில் நிரப்பிக் கொடுத்த பாட்டில் அப்படியே திரும்பி வருவதைப் பார்த்துத்தான் அம்மா கண்டுபிடித்திருக்கிறார்.

அவர் சொன்ன முதல் வார்த்தைக்கே நான் பதிலுக்குப் பதில் பேசியிருந்தால், அந்தப் பாட்டில் விஷயம் வெளியே வந்திருக்காது. தச்சரை வரவழைத்துத் தாழ்ப்பாள் போட்டாயிற்று. அது சின்ன வேலை. அதைவிட முக்கியமாக நான் நினைப்பது, அடுத்த நாள் ஆசிரியர்களிடம் சொன்னதை. "உங்க அம்மா வந்து சண்டை போட்டாங்களாமே" என்று விளையாட்டுக்குக்கூட அந்தப் பெண்ணிடம் யாரும் கேட்கக் கூடாது என்றேன். குத்திக்காட்டுவதும் தண்டனைதான். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 17ஆம் பிரிவில் அடிப்பதை மட்டுமல்ல, மன உளைச்சல் தருவதையும் தடை செய்திருக்கிறது. ஆசிரியர்கள் புரிந்துகொண்டார்கள்.

அந்த அம்மா குழு உறுப்பினரோடு வந்தது நல்ல யோசனை. அதே சட்டப்படி குழுவில் முக்கால் பங்குப் பேர் பெற்றோர், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். உங்கள் தெருவிலேயே ஒருவர் இருப்பார். என்னிடம் வரத் தயக்கமாக இருந்தால் அவரிடம் சொல்லி அனுப்புங்கள். யார் சொன்னது என்று அவரிடம் நான் துருவ மாட்டேன்.

சொல்வதையெல்லாம் அப்படியே ஏற்றுக்கொள்வேன் என்று நினைத்துவிட வேண்டாம். "நீங்க யாரும் அடிக்கிறதில்ல, அதான் பையன் படிக்க மாட்டேங்குறான். கண்ணு ரெண்டை மட்டும் விட்டுட்டு தோலை உரிச்சிருங்க" என்று அன்போடு சொல்கிற அப்பாக்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்கு என் பதில் முடியாது என்பதுதான். பையன் படிக்கவில்லை என்ற கவலையை மட்டும் எடுத்துக்கொண்டு, அவன் எந்தப் பாடத்தில், எந்த இடத்தில் சிக்கிக்கொண்டிருக்கிறான் என்று உட்கார்ந்து பார்ப்போம்.

ஓர் ஆசிரியரைப் பற்றிக் குறை வந்தால் அவரையும் கேட்டுவிட்டுத்தான் பேசுவேன். உங்கள் முன்னால் அவரைத் திட்டுவேன் என்று எதிர்பார்க்காதீர்கள். பிள்ளைகளின் பாதுகாப்பு சம்பந்தப்பட்டது என்றால் மட்டும் கதை வேறு. அதில் தாமதமும் கிடையாது, தாட்சண்யமும் கிடையாது. குழந்தைகள் உதவி எண் 1098 உங்கள் வீட்டுச் சுவரிலும் எழுதியிருக்கட்டும்.

மொட்டைக் கடிதங்களும் வருகின்றன. ஒருவருடைய சாதியையும் குடும்பத்தையும் இழுத்து எழுதியிருந்தால் அந்தப் பகுதிக்கு என்னிடம் மதிப்பில்லை. நடந்ததை எழுதியிருந்தால் விசாரிப்பேன். கையெழுத்தை வைத்து ஆளைத் தேடும் வேலை மட்டும் இங்கே நடக்காது.

என்னைப் பற்றியே குறை என்றால் என்னிடம்தான் வர வேண்டும் என்றில்லை. வட்டாரக் கல்வி அலுவலரிடம் சொல்லலாம், 14417 என்ற கல்வி உதவி எண்ணை அழைக்கலாம். அதற்காக நான் வருத்தப்பட மாட்டேன் என்று சொன்னால் பொய். வருத்தம் இருக்கும், அது என் அறையோடு நிற்கும், உங்கள் பிள்ளையின் வகுப்பறைக்கு வராது.

கடைசியாக, பெற்றோர் கூட்டத்தின் நேரம். விடியுமுன் மல்லி பறித்து மாட்டுத்தாவணிக்கு அனுப்பிவிட்டு, அப்படியே நூறு நாள் வேலைக்குப் போகிறவர்கள் காலை 11 மணிக் கூட்டத்துக்கு எப்படி வருவது என்று ஒருவர் கேட்டார். சரியான கேள்வி. இந்த மாதக் கூட்டம் மாலை 5 மணிக்கு. கைக்குழந்தை இருந்தால் தூக்கிக்கொண்டே வாருங்கள். சத்துணவுக்கூடத்துப் பக்கம் பாய் விரித்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்