ஐந்தாம் நாளும் இருபதாம் கிழமையும் ஒன்றல்ல: மலையகப் பாராளுமன்ற உறுப்பினர்களுக்கும் சமயத் தலைவர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய உறுப்பினர்களே, குருக்கள் ஐயாமாரே, பாதர்மாரே, மௌலவிமாரே,

இலங்கையின் கருக்கலைப்புச் சட்டத்தைத் திருத்தலாமா என்ற பேச்சு எழும்பும்போதெல்லாம் மேடையில் மூன்று விஷயங்களை ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிடுகிறார்கள். ஆய்வுகூடத் தட்டில் இருக்கும் ஐந்து நாள் முளையம், அதாவது கருவின் தொடக்க நிலை, ஒன்று. லயத்துக் காம்பராவில் எட்டுக் கிழமைக் கர்ப்பத்தை ஒருவருக்கும் சொல்லாமல் வைத்திருக்கும் பெண் இன்னொன்று. இருபதாம் கிழமை ஸ்கேனில் மண்டையோடே உருவாகவில்லை என்று தெரியவந்த சிசு மூன்றாவது. மூன்றையும் எதிர்க்க ஒருவருக்கு உரிமையுண்டு. கத்தோலிக்கத் திருச்சபை நெடுங்காலமாக அப்படித்தான் எதிர்த்து வருகிறது. அந்த நிலைப்பாட்டில் ஒரு ஒழுங்கும் இருக்கிறது. ஆனால் எதை எதிர்க்கிறோம் என்று தெரிந்து எதிர்க்க வேண்டும். மருத்துவத்திலும் தாதியத்திலும் சட்டத்திலும் மலையகத்தில் வேலை செய்யும் நாங்கள் எழுதுவது அந்த விபரங்களுக்காகத்தான்.

முதலில் ஆய்வுகூடம். "கலைத்த பிள்ளையிலிருந்து ஸ்டெம் செல் எடுக்கிறார்கள்" என்பது தவறு. முளையக் குருத்துக்கலங்கள் (ஸ்டெம் செல்கள்) கருக்கலைப்பிலிருந்து வருவதில்லை. கர்ப்பப்பைக்குள் போயிராத முளையத்திலிருந்து வருகின்றன. குழந்தை இல்லாத தம்பதியருக்கு உடலுக்கு வெளியே கருக்கட்டும்போது ஒரே தடவையில் பல முட்டைகளை எடுத்துக் கருக்கட்டுகிறார்கள். ஒன்றையோ இரண்டையோ கர்ப்பப்பையில் வைத்துவிட்டு, மிஞ்சியவற்றைத் திரவ நைதரசனில் −196 பாகை செல்சியசில் உறைய வைக்கிறார்கள். ஐந்தாம் ஆறாம் நாளில் முளையம் 100 முதல் 200 கலங்கள் வரை உள்ள ஒரு சிறு பந்து. வெளிச்சுற்று நஞ்சுக்கொடியாக மாறவேண்டியது. உள்ளே ஒரு பக்கமாக ஒட்டியிருக்கும் கலத்திரளே பிள்ளையாக வேண்டியது. அந்த உட்திரளைப் பிரித்து வளர்ப்பதே குருத்துக்கல வரிசை. 1998இல் விஸ்கொன்சினில் ஜேம்ஸ் தொம்சன் குழு மனிதக் கலங்களில் இதை முதலில் செய்து காட்டியது. பிரிக்கும்போது முளையம் அழிந்துபோகிறது. அதை மூடிமறைத்து ஆய்வுக்கு வக்காலத்து வாங்குபவர்களை நாங்களும் நம்புவதில்லை.

ஆகவே கேள்வி இது: பல ஆண்டு உறைந்து கிடந்து கடைசியில் வீசப்படப்போகும் முளையத்தை ஆய்வுக்குக் கொடுக்கலாமா? பிரித்தானியாவில் முளைய ஆய்வு பற்றி ஆராய அரசு அமைத்த வார்னொக் குழு 1984இல் 14 நாள் என்று ஓர் எல்லையைச் சொன்னது. 1990இல் அது சட்டமானது. ஏன் 14? ஏறக்குறைய அந்த நாளில்தான் முளையத்தில் ஒரு கோடு தோன்றி, தலை எது கால் எது என்று தீர்மானமாகிறது. அதுவரை ஒரு முளையம் பிரிந்து இரட்டையராகலாம். இரண்டாகக்கூடிய ஒன்றை "ஓர் ஆள்" என்று எப்படிச் சொல்வது என்பது ஆதரவாளர் வாதம். பின்னால் இரண்டாகப் பிரிந்தது என்பதால் முன்னால் ஒன்றும் இருக்கவில்லை என்றாகாது என்பது எதிராளர் பதில். இரண்டும் கனமான வாதங்களே. 2006இல் யப்பானிய விஞ்ஞானி யமனாக்கா எலியின் தோல் கலங்களையே குருத்துக்கலம் போல மாற்றிக் காட்டினார், மறு ஆண்டே மனிதக் கலத்திலும் அது நடந்தது, 2012இல் நோபல் பரிசும் கிடைத்தது. அதற்குப் பிறகு முளையம் தேவைப்படும் இடங்கள் குறைந்தன. முற்றாக இல்லாமல் போகவில்லை.

கருக்கலைப்போடு உண்மையில் தொடர்புள்ளது வேறொன்று. ருபெல்லா (ஜெர்மன் அம்மை) தடுப்பூசி வைரசை வளர்க்கும் மனிதக் கல வரிசைகள் 1960களில் நடந்த கருக்கலைப்புகளிலிருந்து தொடங்கியவை. அந்தக் கலங்களே பெருகிக்கொண்டிருப்பதால் புதிதாக ஒரு சிசுவும் தேவையில்லை. வேறு தடுப்பூசி இல்லாத இடத்தில் இதைப் போடலாம் என்று வத்திக்கானே 2005இல் சொல்லிவிட்டது. இது தெரியாமல் ஊசியை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கர்ப்பத்தின் முதல் மாதங்களில் ருபெல்லா வந்தால், பிள்ளை காது கேளாமலும் கண்ணில் வெள்ளை படர்ந்தும் பிறக்கலாம்.

இடையில் ஒன்று: பிள்ளையின் தொப்புள்கொடி இரத்தத்தை ஸ்டெம் செல்லுக்காகக் காசு கட்டிச் சேமிக்கச் சொல்லும் விளம்பரங்களுக்கும் முளையத்துக்கும் சம்பந்தமே இல்லை. பரம்பரை இரத்த நோயான தலசீமியாவோடு பிறந்த பிள்ளைக்கு அதே பிள்ளையின் கொடி இரத்தம் உதவாது. அதிலும் அதே குறைதான் இருக்கும்.

இனி சட்டம். 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை 303ஆம் பிரிவு தாயின் உயிரைக் காப்பதற்காக மட்டுமே கருக்கலைப்பை அனுமதிக்கிறது. மற்றெல்லாவற்றுக்கும் 3 ஆண்டு வரை சிறை. சிசுவின் அசைவு தெரிந்த பிறகென்றால் 7 ஆண்டு வரை. தானே கலைத்துக்கொண்ட பெண்ணும் குற்றவாளியே. இதில் ஒன்றைக் கவனியுங்கள். விக்டோரியா காலத்து இந்தச் சட்டம்கூட எல்லா நாளையும் ஒன்றாக எண்ணவில்லை. தாய் அசைவை உணரும் 16 முதல் 20ஆம் கிழமைக்குள் ஒரு கோடு போட்டிருக்கிறது. கருவில் உயிர் ஊதப்படுவது பற்றிய நாற்பது நாள், நூற்றிருபது நாள் என்ற கணக்கு மௌலவிமாருக்குத் தெரியும். கரு மாதம் மாதமாக எந்தெந்த ஆபத்தைத் தாண்டி வருகிறது என்று எண்ணிப் பாடிய மாணிக்கவாசகரைக் குருக்கள் ஐயாமாருக்கு நாங்கள் அறிமுகப்படுத்தத் தேவையில்லை.

1995இல் வல்லுறவு, முறைதகாப் புணர்ச்சி, சிசுவின் கடும் குறைபாடு ஆகியவற்றுக்கு விலக்களிக்கும் வாசகம் பாராளுமன்றம் வரை போய் நீக்கப்பட்டது. அதே ஆண்டின் திருத்தம் உடலுறவுக்கான சம்மத வயதை 12இலிருந்து 16ஆக உயர்த்தியது. விளைவைப் பாருங்கள்: 14 வயதுப் பிள்ளை கர்ப்பமானால் அது வல்லுறவு என்று ஒரு பிரிவு சொல்கிறது, அந்தக் கர்ப்பத்தைச் சுமந்தே ஆகவேண்டும் என்று இன்னொரு பிரிவு சொல்கிறது. 2017இலும் திருத்த முயற்சி எழுந்து எதிர்ப்பில் அடங்கிப்போனது.

சிசுக் குறைபாடு என்ற சொல்லில்தான் மிகுந்த கவனம் வேண்டும். நரம்புக்குழாய் கருக்கட்டி 28 நாளுக்குள் மூடிக்கொள்கிறது. மாதவிடாய் தள்ளிப்போனதே அப்போதுதான் தெரிந்திருக்கும். அதனால்தான் போலிக் அமிலத்தை நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம் வீதம் கர்ப்பத்துக்கு முன்பே தொடங்கச் சொல்கிறோம். முன்பு அப்படியொரு பிள்ளை பிறந்திருந்தால் 4 முதல் 5 மில்லிகிராம். மேல்முனை மூடாவிட்டால் மூளையும் மண்டையோடும் உருவாகாது; அந்தச் சிசு பிறந்தாலும் மணிக்கணக்கில், மிஞ்சினால் நாட்கணக்கில்தான். இரு சிறுநீரகமும் இல்லாத சிசுவுக்குப் பனிக்குட நீர் இராது, நீர் இல்லாமல் நுரையீரல் வளராது. இவை உயிர்வாழ இயலாதவை. முதுகெலும்புப் பிளவு அப்படியல்ல. டவுன் சிண்ட்ரோம் அப்படியல்ல. பிளவுதடு, கோணற்பாதம் கிட்டவே வராது. "கடும் குறைபாடு" என்று மொட்டையாக எழுதினால் இவையெல்லாம் ஒரே வாசலால் நுழைந்துவிடும் என்று மாற்றுத்திறனாளிகள் அஞ்சுவது நியாயம். சட்டம் "பிறந்தபின் உயிர்வாழ இயலாத" என்று எழுதி, நிலைகளைப் பட்டியலிட வேண்டும். பட்டியலில் இல்லாததை இரு விசேட வைத்திய நிபுணர்கள் எழுத்தில் தீர்மானிக்க வேண்டும். அதற்கொரு நாள் வரம்பும் வேண்டும். குழு கூடும்வரை கர்ப்பம் காத்திராது.

மலையகத்தில் நாள் எப்படிப் போகிறது என்று சொல்கிறோம். எட்டுக் கிழமைக்குள் குடும்பநல உத்தியோகத்தரிடம் பதிந்து எச் 512 என்ற கர்ப்பகாலப் பதிவு அட்டை எடுக்க வேண்டும். கிளினிக் போனால் அன்றைய பேர் (நாட்சம்பளம்) போய்விடும், பாதி நாளில் திரும்பினால் அரைப்பேர்தான். அதனால் பதிவு தள்ளிப்போகிறது. கருத்தடை ஊசி போட்டவருக்கும் பால் கொடுப்பவருக்கும் மாதவிடாய் ஒழுங்கில்லாததால் கடைசித் திகதி நினைவிராது. 14 கிழமைக்குள் ஸ்கேன் செய்தால் கர்ப்ப வயது ஐந்து முதல் ஏழு நாளுக்குள் சரியாக வரும். 20 கிழமையில் பத்து நாள் பிசகலாம். 28 தாண்டினால் மூன்று கிழமை வரை பிசகும். பிந்திய ஸ்கேனை வைத்துச் சட்டத்தின் கிழமைக் கணக்கைப் பார்ப்பது காலாவதியான பஸ் நேர அட்டையை வைத்து ஹட்டன் பஸ்ஸுக்கு நிற்பது போலத்தான். குறைபாடு பார்க்கும் ஸ்கேன் 18 முதல் 22 கிழமைக்குள் நடக்க வேண்டும். திகதி 24ஆம் கிழமைக்கு விழுந்தால் சட்டம் எவ்வளவு தாராளமாக இருந்தும் பயனில்லை.

சட்டம் மாறும்வரை உயிர் போகும் இடம் வேறு. எங்கோ வாங்கிய மாத்திரை, குச்சி, அழுக்கான கருவி. பிறகு அரைகுறைக் கலைவு, இரத்தப்போக்கு, கிருமி. பொலிஸுக்குப் பயந்து இரண்டு நாள் லயத்திலேயே கிடந்துவிட்டு வருவதே மிகப் பெரிய ஆபத்து. ஒரு மணித்தியாலத்துக்கு இரண்டு பேட் வீதம் இரண்டு மணித்தியாலம் நனைந்தால், காய்ச்சல் அடித்தால், நாற்றமுள்ள கசிவு வந்தால், தோள்பட்டை வலியோடு மயக்கம் வந்தால் உடனே வைத்தியசாலை. கடைசியாகச் சொன்னது கர்ப்பப்பைக்கு வெளியே தங்கிய கர்ப்பமாக இருக்கலாம்; அது கருக்கலைப்பு மாத்திரையில் கலையாது, குழாய் வெடித்துவிடலாம். அதற்கான சத்திரசிகிச்சை 303இன்படியே சட்டபூர்வமானது. இந்தச் செய்தியைத் திருப்பலியிலும் பூசையிலும் ஜும்ஆவிலும் சொல்வதற்கு எந்தச் சமயக் கோட்பாடும் குறுக்கே நிற்காது.

எங்களுக்குள்ளே ஓர் அச்சமும் உண்டு. அதை மறைக்க மாட்டோம். கருத்தடைச் சத்திரசிகிச்சைக்கு அரசு ஊக்கப்பணம் கொடுத்த 1980களைத் தோட்டத்து மூத்த அம்மாமார் மறக்கவில்லை. புரியாத மொழியில் எழுதிய தாளில் கைநாட்டு வைப்பது சம்மதமாகாது. கருக்கலைப்புக்கு விலக்கு வந்தால் "உனக்கு ஏற்கெனவே மூன்று" என்று ஒருவர் தள்ளிவிடும் கதவாக அது மாறக்கூடாது. ஆகவே சம்மதப் படிவம் தமிழில் இருக்க வேண்டும். விளக்குபவர் தமிழ் பேச வேண்டும். புருசனோ மாமியோ கங்காணியோ இல்லாத அறையில் கேட்க வேண்டும். கருத்தடையை அதே தாளில் சேர்க்கக்கூடாது. கலைந்த இழையத்தை ஆய்வுக்குக் கேட்பதானால், கலைப்பு முடிவான பிறகு, வேறொருவர், வேறொரு தாளில், காசு பேசாமல் கேட்க வேண்டும். ஆய்வுக்காகக் கலைக்கும் நாளையோ முறையையோ மாற்றக்கூடாது. உறைந்த முளையங்களுக்கும் அப்படியே: வைத்திருப்பதா, வீசுவதா, ஆய்வுக்கா என்பதைத் தம்பதியர் இருவரும் சிகிச்சை தொடங்குமுன்பே எழுதிக்கொடுத்து, பின்னர் மாற்றவும் முடிய வேண்டும். பேராதனை மருத்துவ பீடத்தில் ஒழுக்கநெறி மீளாய்வுக் குழு இருக்கிறது. தோட்டப் பெண் ஒருவரின் கண்ணால் இந்தப் படிவங்களை வாசித்துப் பார்க்க அங்கே கேளுங்கள்.

உறுப்பினர்களுக்கு இன்னொரு வேண்டுகோள். அடுத்த மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்தில் 303ஐப் பேசுமுன் சுகாதாரப் பணிப்பாளரிடம் இரண்டு எண்களைக் கேளுங்கள்: தோட்டப் பகுதித் தாய்மாரில் எத்தனை பேருக்கு 14ஆம் கிழமைக்கு முன் முதல் ஸ்கேன் நடந்தது, 18 முதல் 22 கிழமை ஸ்கேனுக்குப் பெயர் கொடுத்தால் திகதி கிடைக்க எத்தனை நாள் ஆகிறது.

இப்படிக்கு,
மலையகத்தில் மருத்துவம், தாதியம், சட்டம் ஆகிய துறைகளில் பணிபுரிவோர் சிலர்