முழங்கைக்கு ஊசி போடலாமா? தோழிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மீனா,

உன் கடிதம் நேற்று மாலை கிடைத்தது. முழங்கை வலிக்கு ஊசி போட்டுக்கொள்ள அடுத்த மாதம் நாள் குறித்திருப்பதாக எழுதியிருக்கிறாய். அந்த நாளுக்கு முன் என் பதில் உன்னிடம் வந்து சேர வேண்டும் என்றுதான் உடனே எழுத உட்கார்ந்தேன். வீட்டுச் சேதிகளைக் கடைசியில் சொல்கிறேன்.

நான் ஊசிக்கு எதிரி இல்லை. போன வருடம் என் தோள்பட்டை இறுகிப்போய், தலை வாருவதற்குக்கூடக் கையைத் தூக்க முடியாமல் இருந்தது உனக்குத் தெரியும். அப்போது மூட்டுக்குள் போட்ட ஸ்டீராய்டு ஊசிதான் என்னைத் தூங்க வைத்தது. தோள்மூட்டைச் சுற்றியுள்ள உறை அழற்சி கண்டு தடித்துப்போவதால் வரும் நோய் அது. வலி மிகுந்த தொடக்கக் கட்டத்தில் போட்டால் ஊசி நன்றாகவே வேலை செய்யும். வலி அடங்கிய அந்த வாரங்களில் பயிற்சி செய்து அசைவை மீட்டுக்கொண்டேன். இத்தனை வருடம் பிசியோதெரபிஸ்டாக வேலை செய்தும், என் உடம்பில் அனுபவித்தும் நான் உறுதியாக நம்புவது ஒன்றுதான்: எந்த இடத்தில், எந்தக் கோளாறுக்கு, எந்த மருந்து என்பதைப் பொறுத்தே ஊசி நன்மையோ தீமையோ செய்கிறது. தோளில் எனக்கு உதவிய அதே மருந்தை உன் முழங்கையில் போட வேண்டாம் என்றே சொல்வேன்.

ஏன் என்று கேட்பாய். உனக்கு இருப்பது டென்னிஸ் எல்போ. மணிக்கட்டை மேல்நோக்கி மடக்கும் தசைகளின் நாண், முழங்கையின் வெளிப்புற எலும்பில் வந்து ஒட்டும் இடத்தில்தான் கோளாறு. மாதக்கணக்கில் நீடித்த வலியில், அந்த இடத்துத் திசுவை எடுத்துப் பார்த்தால் அழற்சி அணுக்கள் அதிகம் தென்படுவதில்லை. நாணுக்கு வலுக் கொடுக்கும் கொலாஜன் இழைகள் புரி பிரிந்த கயிறுபோல ஒழுங்கு குலைந்திருக்கும், புதிய நுண் இரத்தக் குழாய்கள் முளைத்திருக்கும். ஸ்டீராய்டின் பலமே அழற்சியை அடக்குவது. இங்கே அதற்குப் பெரிய வேலை இல்லை. போதாக்குறைக்கு, புது இழை நெய்யும் அணுக்களையும் அது மந்தமாக்குகிறது. வலி மட்டும் சில வாரங்களுக்கு மறைந்துவிடும். கை சரியாகிவிட்டது என்று நீ பழைய வேகத்தில் எல்லா வேலையும் செய்வாய். நாணோ இன்னும் ஆறியிருக்காது.

2013இல் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வை நீ தெரிந்துகொள்ள வேண்டும். உன்னைப் போன்ற 165 பேரில் ஒரு சாராருக்கு ஸ்டீராய்டு, மற்றவர்களுக்கு வெறும் உப்புநீர் ஊசி. முதல் மாதத்தில் ஸ்டீராய்டுதான் முந்தியது. ஓர் ஆண்டு கழித்துப் பார்த்தபோது, உப்புநீர் போட்டுக்கொண்டவர்களில் 96 சதவீதம் பேர் முழுமையாகவோ பெருமளவோ குணமாகியிருந்தார்கள். ஸ்டீராய்டு பக்கம் 83 சதவீதம்தான். வலி திரும்ப வந்தது உப்புநீர் பக்கம் 12 சதவீதம் பேருக்கு, ஸ்டீராய்டு பக்கம் 54 சதவீதம் பேருக்கு. ஊசியோடு பிசியோதெரபியைச் சேர்த்தும் அந்த இழப்பை ஈடுகட்ட முடியவில்லை. என் தொழிலுக்கு இது பெருமை சேர்க்கும் முடிவல்ல. ஆனாலும் உன்னிடம் மறைக்க மாட்டேன். இதில் எனக்குப் பெரிய ஆறுதல் அந்த 96தான். மருந்தில்லாத ஊசி போட்டவர்களே ஓராண்டில் இவ்வளவு தேறினார்கள் என்றால், உன் கைக்கும் அந்த அவகாசத்தைக் கொடுக்கலாம் இல்லையா?

அதுவரை பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருக்கச் சொல்லவில்லை. உள்ளங்கை கீழே பார்க்கும்படி எதையும் தூக்காதே, மேலே பார்க்கும்படி திருப்பி, உடம்போடு ஒட்டித் தூக்கு. மேசை மேல் முன்கையை வைத்துக்கொண்டு, சிறு எடையை மெதுவாகக் கீழே இறக்கும் பயிற்சியைத் தொடங்கு. லேசாக வலித்தால் பயப்படாதே. மறுநாளைக்குள் அடங்கிவிடும் வலி தொல்லை இல்லாதது, அதற்கு மேல் நீடித்தால் எடையைக் குறை. வாரங்களில் அல்ல, மாதங்களில்தான் பலன் தெரியும். விரல்கள் மரத்துப்போனாலோ கழுத்திலிருந்து வலி இறங்கினாலோ மட்டும் உடனே டாக்டரிடம் சொல். அது வேறு கோளாறாக இருக்கலாம்.

உன் கணவரின் விரல் விஷயம் வேறு. விரல் மடங்கி மாட்டிக்கொண்டு சொடுக்கென்று விடுபடுகிறது என்றால், நாண் ஓடும் உறை இறுகியிருக்கிறது. அந்த உறைக்குள் ஸ்டீராய்டு போட்டால் பலருக்கு ஒரே ஊசியில் சரியாகிவிடும். அவர் தாராளமாகப் போட்டுக்கொள்ளலாம். அவருக்குச் சர்க்கரை நோய் இருப்பதால் பலன் சற்றுக் குறையக்கூடும். ஊசிக்குப் பின் சில நாட்களுக்குச் சர்க்கரை ஏறும். அந்த நாட்களில் அடிக்கடி பரிசோதிக்கச் சொல், மாத்திரை அளவு பற்றி முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளட்டும்.

அக்காவின் முழங்காலை நினைத்தால்தான் எனக்குக் கவலையாக இருக்கிறது. பிஆர்பி ஊசி போட்டால் தேய்ந்த குருத்தெலும்பு மறுபடி வளரும் என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். கையிலிருந்து இரத்தம் எடுத்து, இயந்திரத்தில் சுழற்றி, பிளேட்லெட் செறிந்த பகுதியை மட்டும் பிரித்து மூட்டுக்குள் செலுத்துவதுதான் பிஆர்பி. சொந்த இரத்தம் என்பதால் நம்பிக்கை எளிதில் வந்துவிடுகிறது. 2021இல் வந்த ஆய்வில் 288 பேரில் ஒரு சாராருக்கு அதையும் மற்றவர்களுக்கு உப்புநீரையும் போட்டு ஓராண்டு கழித்து ஒப்பிட்டார்கள். வலியிலும் வித்தியாசம் இல்லை, குருத்தெலும்பிலும் இல்லை. அதே ஆண்டு குதிகால் நாணில் நடந்த ஆய்விலும் போலி ஊசியை அது மிஞ்சவில்லை. இரத்தத்தைத் தயாரிக்கும் முறை இடத்துக்கு இடம் மாறுவதால் விவாதம் இன்னும் ஓயவில்லை என்பது உண்மைதான். ஆனால், குருத்தெலும்பு வளரும் என்று வாக்குக் கொடுத்து வயதானவர்களிடம் பணம் வாங்குவதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. மூட்டுக்கு வழுவழுப்புக் கொடுப்பதாகச் சொல்லிப் போடும் ஹயலூரானிக் அமில ஊசியைப் பற்றியும் கேட்டிருந்தாய். அதன் பலன் மிகச் சிறியது, நோயாளி உணரும் அளவுக்கு இல்லை என்பதே பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த பெரிய தொகுப்பாய்வுகளின் முடிவு.

ஸ்டீராய்டை மூட்டுக்குள் போடும் வழக்கம் 1951இலிருந்தே இருக்கிறது. அக்காவின் முழங்கால் வீங்கி, நடக்கவே முடியாத நாளில் ஒருமுறை போட்டுக்கொண்டால் சில வாரம் நிம்மதி கிடைக்கும். அதை வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வராது. காலண்டரைப் பார்த்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை போட்டுக்கொண்டே இருப்பதைத்தான் தடுக்க வேண்டும். இரண்டு ஆண்டுகள் அப்படிப் போட்டுப் பார்த்த அமெரிக்க ஆய்வொன்று 2017இல் வந்தது. உப்புநீர் போட்டவர்களைவிட வலி குறையவில்லை, குருத்தெலும்புதான் கூடுதலாகத் தேய்ந்திருந்தது. 2020இல் வந்த இன்னோர் ஆய்வில், ஓராண்டு முடிவில் பிசியோதெரபி பெற்றவர்கள் ஸ்டீராய்டு ஊசி பெற்றவர்களைவிட நன்றாக நடமாடினார்கள், வலியும் குறைவாக இருந்தது. தொடையின் முன்தசை வலுப்பெற்றால் முழங்காலின் பாரம் குறையும். அக்கா என் பேச்சைக் கேட்பார், நானே எழுதுகிறேன். மூட்டு மாற்று அறுவை பற்றிய பேச்சு வந்தால் மட்டும் ஊசிக்கும் அறுவைக்கும் இடையே குறைந்தது மூன்று மாத இடைவெளி வேண்டும். இல்லாவிட்டால் கிருமித்தொற்று அபாயம் கூடுகிறது.

உன் டாக்டரிடம் தயங்காமல் கேள்: சிரிஞ்சில் என்ன மருந்து, ஊசி முனை எங்கே போய் நிற்கும், ஓராண்டு கழித்து என் கை எப்படி இருக்கும்? நல்ல டாக்டர் இதற்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொல்வார். இவ்வளவுக்குப் பிறகும் போட்டுக்கொள்வதாக முடிவு செய்தால் எனக்குக் கோபம் வராது. ஓரிரு நாள் வலி கூடலாம், ஊசி போட்ட இடத்தில் தோல் வெளுக்கலாம், அவை சாதாரணம். காய்ச்சலும் சிவந்த வீக்கமும் சேர்ந்து வந்தால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய்விடு.

இங்கே எல்லோரும் நலம். மகள் படிப்பை முடித்து வேலையில் சேர்ந்துவிட்டாள். நான் வாரத்தில் பாதி நாட்கள் மட்டும் நோயாளிகளைப் பார்க்கிறேன், மீதி நாட்களில் வாசிப்புதான். அக்காவின் எக்ஸ்ரே அறிக்கையை அடுத்த கடிதத்தோடு அனுப்பு. டாக்டர் என்ன சொன்னார் என்பதையும் ஒன்றுவிடாமல் எழுது.

அன்புடன்,
வசந்தா