மணியடிக்கும் அண்ணாச்சிக்கும் மற்றவர்களுக்கும்

அன்புடையீர்,

நவம்பர் 4 மாலை, முதல் உலகப் போரில் சிப்பாயாக இருந்த ஆங்கிலக் கவிஞர் வில்பிரட் ஓவனின் கவிதை வாசிப்புக்கு வந்த எல்லோருக்கும் வணக்கம். பேசிவைத்திருந்த அரங்கம் முந்தின நாள் கைவிரித்துவிட்டது. தன் வீட்டு மொட்டைமாடியைக் கொடுத்ததோடு சுக்குக் காப்பியும் போட்டுத் தந்த அக்காவுக்கு முதல் நன்றி.

1918-இல் அதே தேதியில்தான், வடபிரான்சில் ஓர்ஸ் ஊரை ஒட்டிய கால்வாயைக் கடக்கும் சண்டையில் ஓவன் சுடப்பட்டு இறந்தார். வயது 25. போர் முடிய இன்னும் ஒரே வாரம். அதுவரை அச்சில் வந்திருந்த அவருடைய கவிதைகளை ஒரு கைவிரல்களில் எண்ணிவிடலாம்.

அவருடைய ‘Anthem for Doomed Youth’ கவிதையை மொழிபெயர்த்தபோது நான் தலைப்பிலேயே சறுக்கினேன். சோம்பலில் ‘மாண்ட இளைஞர்’ என்று எழுதியிருந்ததைத் தமிழாசிரியர் ஐயா அடித்துவிட்டு ‘மாளப்போகும்’ என்று மாற்றினார். அப்புறம் பார்த்தால், ஓவனே ஒரு கையெழுத்துப் படியில் ‘மாண்ட’ (Dead) என்றுதான் வைத்திருந்திருக்கிறார்! 1917-இல் குண்டதிர்ச்சிக்கு, அதாவது போர்முனை தந்த மனப்பாதிப்புக்கு, சிகிச்சை பெற எடின்பரோ அருகே கிரெய்க்லாக்ஹார்ட் மருத்துவமனையில் இருந்தபோது, சக நோயாளியும் கவிஞருமான சீக்பிரிட் சசூனோடு உட்கார்ந்து திருத்தியதில் அது மாறியது. ஐயா, உங்கள் சிவப்பு மைமேல் எனக்கிருந்த கோபம் அன்றோடு போயிற்று.

ஓவனின் இன்னொரு கவிதையான நச்சுவாயுக் கவிதையில் ஒருவன் முகமூடியை மாட்டுவதற்குள் வாயு முந்திவிடுகிறது. அது எத்தனை நொடி விஷயம் என்று துண்டை வைத்தே செய்துகாட்டிய பட்டாளத்து ஐயாவுக்கும் நன்றி. அப்போது மாடியில் யாரும் காப்பியைத் தொடவில்லை.

தலைப்பில் நான் சறுக்கிய கவிதையில், ஆடுமாடுபோலச் சாகிறவர்களுக்கு எந்த மணி ஒலிக்கும் என்று ஓவன் கேட்கிறார். அது சாதாரண மணி இல்லை, துக்க மணி. ஒரு அடி, நீண்ட இடைவெளி, மறுபடி ஒரு அடி என்று சொல்லித்தந்தவர் ஆலயத்தில் மணியடிக்கும் அண்ணாச்சி. அந்த இடைவெளியை வைத்தே அடுத்த வரிகளை எழுதினேன். ஓவன் இறந்த தந்தி இங்கிலாந்தில் ஷ்ரூஸ்பரி ஊரில் பெற்றோர் கைக்கு வந்தது நவம்பர் 11. போர் முடிந்த மகிழ்ச்சியில் ஊர் மணிகள் முழங்கிக்கொண்டிருந்தன. இதை நான் சொன்னபோது அண்ணாச்சி ஒன்றும் பேசவில்லை, தலையை மட்டும் ஆட்டினார்.

1920-இல் அம்மா சூசன் ஓவன் தாகூருக்குக் கடிதம் எழுதினார். கடைசியாகப் போர்முனைக்குக் கிளம்பிய மகன் தாகூரின் வரிகளைச் சொல்லித்தான் விடைபெற்றான். திரும்பிவந்த அவனுடைய குறிப்பேட்டிலும் அவை இருந்தன. முழுக்கவிதை எந்தப் புத்தகத்தில் கிடைக்கும், சொல்வீர்களா என்று கேட்டிருந்தார்.

அந்தப் புத்தகம் கீதாஞ்சலி. மேல் அலமாரியில் ஏறித் தேடி எடுத்துக் கொடுத்த நூலகர் அம்மா, இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. திங்கட்கிழமை அபராதத்தோடு கொண்டுவந்து தருகிறேன்.